பயிற்சி பலன் தராதபோது பாதை முடிந்துவிடுவதில்லை

சில மாதங்களுக்கு முன் புறநோயாளர் பிரிவில் ஓர் அம்மையார் என் எதிரே வந்து அமர்ந்தார். வயது 58. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். பணிக்காலம் முடியும் முன்பே விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டவர். மடியில் இருந்த துணிப்பைக்குள் ஒரு மாற்றுப் புடவை இருந்தது. வெளியே புறப்படும்போதெல்லாம் அதை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவாராம். பேருந்தில் ஏறி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. உறவினர் வீட்டுத் திருமணங்களுக்குப் போவதில்லை. மலத்தை அடக்க முடியவில்லை என்பதைச் சொல்ல அவருக்குக் கால் மணி நேரம் தேவைப்பட்டது. அதற்குள் முதுகுவலி, தூக்கமின்மை, பசியின்மை என்று மூன்று நோய்களைச் சொல்லி முடித்திருந்தார்.

அவர் சிகிச்சையே பெறாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். வேறோரிடத்தில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆறு மாதங்கள் ஒரு நாள் விடாமல் செய்திருக்கிறார். பலன் இல்லை. "எனக்கு அதைச் சரியாகச் செய்ய வரவில்லை போலிருக்கிறது டாக்டர். தலையெழுத்து என்று விட்டுவிட்டேன்" என்றார்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாசகம்தான். ஒரு சிகிச்சை பலன் தரவில்லை என்னும் செய்தி, அவர் மனத்தில் தாம் தோற்றுவிட்டதாக மாறியிருந்தது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த முதல் மாத்திரை போதவில்லை என்றால் நோயாளி தோற்றுவிட்டார் என்று எவரும் சொல்வதில்லை. மாத்திரையை மாற்றுகிறோம், இன்னொன்றைச் சேர்க்கிறோம், வேறு காரணம் உண்டா என்று தேடுகிறோம். மலம் அடக்க இயலாமை என்னும் இந்தத் துன்பத்தில் மட்டும் முதல் படியிலேயே இருதரப்பும் நின்றுவிடுகிறோம். மருத்துவர் "பயிற்சியைத் தொடருங்கள்" என்கிறார். நோயாளி வெட்கத்தால் மறுபடி வருவதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி பலன் தராமை, நாங்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆராய வேண்டும் என்பதற்கான அறிகுறி. பயிற்சிக்கு அனுப்பும் நாளிலேயே, மூன்று மாதம் கழித்து மறுபரிசீலனை செய்யும் நாளையும், அப்போதும் நலமில்லை என்றால் அடுத்து என்ன செய்வோம் என்பதையும் மருத்துவர் எழுதித் தர வேண்டும். அப்படி எழுதித் தரவில்லை என்றால் அதைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

இது அரிய நோயும் அன்று. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், வயது வந்தோரில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பேருக்கு ஏதேனும் ஓர் அளவில் இத்தொல்லை இருக்கிறது. மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் ஐம்பது பேர் அமர்ந்திருந்தால் அவர்களில் மூன்று நான்கு பேர் இதை மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கக்கூடும்.

பயிற்சி ஏன் பலன் தருவதில்லை?

ஆசனவாயை மூடிவைக்கும் சுருக்குத்தசைகள் இரண்டு. உட்புறத் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதன்று. இரவும் பகலும் தானே மூடிவைத்திருப்பது. ஓய்வாக இருக்கும்போது மூடும் விசையின் பெரும்பகுதி இதனுடையது. வெளிப்புறத் தசை நாம் விரும்பி இறுக்கக்கூடியது. அவசரமாக மலம் வரும்போது கழிப்பறை சேரும்வரை பிடித்துவைப்பது இதுவும், இதன் மேலே கவண்வார் போல மலக்குடலைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசையும்தாம். இவற்றோடு, கீழ்முதுகிலிருந்து வரும் நரம்புகள் நலமாக இருக்க வேண்டும். மலக்குடல் விரிந்துகொடுக்க வேண்டும். மலம் உரிய பதத்தில் இருக்க வேண்டும். இத்தனையும் ஒத்துழைத்தால்தான் நாம் மலத்தை அடக்குகிறோம்.

இடுப்புத்தளப் பயிற்சி வலுவூட்டுவது நாம் விரும்பி இயக்கும் தசையை மட்டுமே. உட்தசை தளர்ந்து, தெரியாமலே ஆடையில் கசிபவருக்கு அதனால் பெரிய பயன் எதிர்பார்க்க இயலாது. பிரசவத்திலோ பௌத்திர அறுவைச் சிகிச்சையிலோ தசை அறுந்து இடைவெளி விழுந்திருந்தால், இறுக்கிப் பழகுவதால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளாது. நீரிழிவாலோ முதுகுத்தண்டு நோயாலோ நரம்பு நலிந்திருந்தால் தசைக்குக் கட்டளையே போய்ச் சேராது. ஆசனவாய் வழியாக மலக்குடலே வெளித்தள்ளும் இறக்கம் இருந்தால் அதை அறுவைச் சிகிச்சையால் முதலில் சரிசெய்ய வேண்டும்.

பயிற்சியே தவறாகக் கற்பிக்கப்பட்டிருப்பதும் உண்டு. சுருக்குவதற்குப் பதிலாக முக்குகிறவர்களையும், பிட்டத்தையும் தொடையையும் மட்டும் இறுக்குகிறவர்களையும் அடிக்கடி காண்கிறேன். விரலால் பரிசோதித்து "இதோ, இந்தத் தசைதான்" என்று உணர்த்தாமல், அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினால் இதுதான் நேரும்.

இங்கிலாந்தில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு சிந்திக்கத் தக்கது. 171 நோயாளிகளை நான்கு பிரிவுகளாக்கினார்கள். முதல் பிரிவுக்கு உணவு, மருந்து, கழிப்பறைப் பழக்கம் பற்றிய ஆலோசனை மட்டும். இரண்டாம் பிரிவுக்கு அத்துடன் பயிற்சி. மற்ற இரண்டு பிரிவுகளுக்கு, தசையின் இயக்கத்தைக் கருவியில் பார்த்துக்கொண்டே பழகும் பயோஃபீட்பேக் முறையும் சேர்க்கப்பட்டது. முடிவில் நான்கு பிரிவுகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம்தான். பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பொறுமையாக உட்கார்ந்து கேட்டு, உணவையும் மருந்தையும் பழக்கத்தையும் சீராக்கும் ஆலோசனையே நலத்தின் பெரும்பகுதியைத் தருகிறது என்பதுதான் நான் கொள்ளும் பொருள். பயிற்சித் தாள் மட்டும் பெற்றுச் சென்றவர் பாதிச் சிகிச்சைதான் பெற்றிருக்கிறார்.

மீண்டும் தொடங்கும்போது என்ன செய்வோம்?

முதலில் இரண்டு கேள்விகள் கேட்போம். வருவது தெரிந்தும் அடக்க முடியவில்லையா? அல்லது தெரியாமலே கசிகிறதா? முன்னது பெரும்பாலும் வெளித்தசையின் வலுக்குறைவையோ மலக்குடலின் அழற்சியையோ காட்டும். பின்னது உட்தசைத் தளர்வையோ, மலம் முழுதாக வெளியேறாமல் தங்குவதையோ காட்டும். இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால் பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்: எத்தனை முறை, எந்த நேரம், எந்தப் பதம், அதற்கு முன் என்ன உண்டீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள்.

பிறகு விரலால் செய்யும் பரிசோதனை. தேவைக்கேற்ப ஆசனவாய் வழியே செய்யும் அல்ட்ராசவுண்ட். இதில் தசையில் இடைவெளி இருந்தால் தெரியும். மெல்லிய குழாய் கொண்டு அழுத்தத்தை அளக்கும் சோதனையில் எந்தத் தசை எவ்வளவு வலுவிழந்திருக்கிறது என்பது விளங்கும். பேதி நீடித்தால் இரத்த, மலப் பரிசோதனைகளும் பெருங்குடல் உள்நோக்கியும் தேவைப்படலாம். இவற்றில் பெரும்பாலானவை வலி மிகுந்தவை அல்ல. கூச்சம் இருக்கும், அது இயல்பே. அறையில் தேவையற்ற எவரும் இருக்க வேண்டாம் என்றும், உங்கள் பாலினத்தைச் சேர்ந்த செவிலியர் உடனிருக்க வேண்டும் என்றும் நீங்கள் கேட்கலாம்.

அந்த ஆசிரியைக்கு அல்ட்ராசவுண்ட் செய்தோம். வெளித்தசையில் பழைய இடைவெளி ஒன்று தெரிந்தது. இருபதுகளில் நடந்த முதல் பிரசவத்தின் தழும்பு அது. அப்படியானால் முப்பது ஆண்டுகள் எப்படித் தொல்லை இல்லாமல் இருந்தார்? மலம் கெட்டிப் பதத்தில் இருந்தவரை மிச்சமிருந்த தசையே போதுமானதாக இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். அதிலிருந்து மலம் இளகியது. இளகிய மலத்தை அந்தத் தசையால் பிடிக்க முடியவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது இருமுறை நேர்ந்துவிட்டது. விருப்ப ஓய்வின் காரணம் அதுதான். அதுவரை அதை அவர் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

மலத்தின் பதமே முதல் மருந்து

ஆகவே இரண்டாம் முறை தொடங்கும்போது நான் முதலில் பார்ப்பது மலத்தின் பதத்தை. இளகிய மலத்தை நலமான தசைகூடச் சில வேளை பிடிக்கத் திணறும். மெட்ஃபார்மின், சில அமிலக்குறைப்பு மாத்திரைகள், மெக்னீசியம் கலந்த மருந்துகள், செயற்கை இனிப்பூட்டிகள், பால் செரியாமை, பித்தப்பையை அகற்றிய பின் வரும் பித்தநீர்ப் பேதி, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவை அடிக்கடி கண்ணில் படாமல் தப்பிவிடும் காரணங்கள். சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவதற்கோ வேறு மருந்து தருவதற்கோ மருத்துவரிடம் கேளுங்கள்.

இசப்கோல் மலச்சிக்கலுக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். அது நீரை உறிஞ்சி இளகிய மலத்தையும் திரட்டித் தரும். சிறு கரண்டி அளவில் தொடங்கி, போதிய நீருடன், இரண்டு வாரங்களில் மெல்லக் கூட்டலாம். பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை குடலின் வேகத்தைக் குறைப்பதோடு உட்தசையின் இறுக்கத்தையும் சற்றுக் கூட்டுகிறது. வெளியே செல்வதற்கு அரை மணி முன்பு எடுத்துக்கொள்வது பலருக்கு உதவும். இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன; லோப்பரமைடில் மலச்சிக்கல் அதிகம். காய்ச்சலோ இரத்தப்போக்கோ உள்ள பேதிக்கு அதை எடுக்கக் கூடாது. அளவை மருத்துவர் சொல்லட்டும்.

பயணத்துக்கு முதல் நாளிலிருந்தே பட்டினி கிடக்கும் பழக்கத்தைப் பலரிடம் காண்கிறேன். இதனால் உடல் தளர்வதுதான் மிச்சம். காலைக் காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் பின் குடல் இயல்பாகவே அசையும். அந்த அரை மணி நேரத்தை வீட்டுக் கழிப்பறைக்கு ஒதுக்கிவிட்டு அதன்பின் புறப்படுவது பட்டினியைவிட நல்ல காவல்.

குடலைக் காலியாக வைத்துக்கொள்வது

மலக்குடலில் எதுவும் இல்லையென்றால் கசிவதற்கும் எதுவும் இல்லை. எளிய வழி, காலையில் கிளிசரின் குளிகை ஒன்றை ஆசனவாயில் வைப்பது. அடுத்தது, நீர்க்கழுவல். கழிப்பறையில் அமர்ந்தபடி மெல்லிய குழாய் வழியே வெதுவெதுப்பான குழாய்நீரை மலக்குடலுக்குள் செலுத்தி வெளியேற்றும் முறை இது. முதுகுத்தண்டு பாதிப்புற்றவர்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், வழக்கமான பராமரிப்பைவிட இது மேலான பலன் தந்தது. முதல் சில முறைகளைச் செவிலியர் அருகிருந்து கற்பிக்க வேண்டும். குடலில் துளை விழும் ஆபத்து மிக அரிது என்றாலும் முற்றிலும் இல்லாததன்று. அண்மையில் குடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் குடல் அழற்சி உள்ளவர்களும் தாமாகத் தொடங்கவே கூடாது.

என் அனுபவத்தில் அதிகம் புறக்கணிக்கப்படும் சிகிச்சை இதுவே. விலை உயர்ந்ததன்று, கத்தி வைப்பதும் இல்லை. ஒரு நாளில் அரை மணி நேரமும் கற்றுத்தர ஒருவரும் போதும். அந்த "ஒருவர்" பல மருத்துவமனைகளில் இல்லை என்பதுதான் குறை.

ஆசிரியையின் கதையை இங்கே முடித்துவிடுகிறேன். மாத்திரையை மாற்றினோம், இசப்கோல் சேர்த்தோம், வெளியூர் செல்லும் நாள்களில் மட்டும் நீர்க்கழுவல். நான்கு மாதங்களில் வாரத்துக்கு நான்கு ஐந்து முறை நேர்ந்துகொண்டிருந்தது, மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது. முழுமையாக நின்றுவிடவில்லை. ஆனால் தம்பி மகளின் திருமணத்துக்குப் பேருந்தில் போய் வந்தார். தசையைத் தைக்கும் அறுவைச் சிகிச்சை பற்றியும் பேசினோம். இப்போதைக்கு வேண்டாம் என்றார். அந்த முடிவும் சரிதான்.

அறுவைச் சிகிச்சையும் கருவிகளும்

இத்தனைக்கும் அடங்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு உள்ள வழிகளை அவற்றின் குறைகளோடு சொல்கிறேன்.

அறுந்த தசையின் இரு முனைகளையும் இணைத்துத் தைப்பது பழைய, நம் ஊரிலும் செய்யப்படும் முறை. அண்மைக் காலப் பிரசவக் காயத்துக்கு நன்றாகப் பலன் தரும். ஐந்து, பத்து ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பலன் பலருக்குத் தேய்ந்துபோகிறது என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

கீழ்முதுகு நரம்புத் தூண்டல் இன்னொரு வழி. முதுகுத்தண்டின் அடியில் உள்ள திரிக எலும்பின் துளை வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, பிட்டத்தின் தோலடியில் வைக்கும் சிறு மின்கருவியோடு இணைப்பார்கள். மலம் அடக்க இயலாமைக்கு இதைப் பயன்படுத்திய முதல் அறிக்கை 1995இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் ஒப்புதல் அளித்தது. இதன் சிறப்பு, முதலில் இரண்டு வாரம் தற்காலிகமாக வைத்துச் சோதிக்க முடிவது. கசிவு பாதியாவது குறைந்தால் மட்டுமே நிரந்தரக் கருவி. குறைகளும் உண்டு: செலவு பல இலட்சம் ரூபாய், சில பெரிய மையங்களில் மட்டுமே கிடைக்கும், கம்பி நகர்தல், கிருமித்தொற்று போன்றவை நேரலாம், சில ஆண்டுகளில் மின்கலத்தை மாற்ற நேரிடும். உங்கள் காப்பீடு எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதைத் தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணுக்கால் அருகே ஊசி வைத்து நரம்பைத் தூண்டும் எளிய முறையும் இருக்கிறது. ஆனால் 2015இல் வெளியான பெரிய பிரித்தானிய ஆய்வில், 227 நோயாளிகளிடம், போலித் தூண்டலைவிட அது தெளிவாக மேலானது என்று நிறுவப்படவில்லை. தீங்கு குறைவு; எதிர்பார்ப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாய்ச் சுவரில் கூழ்மப் பொருளை ஊசியால் செலுத்திப் பருமனாக்கும் முறை மெல்லிய கசிவுக்குச் சிலரிடம் பயன்படுகிறது. தசை ஊற்றணுக்களைச் செலுத்தும் முறை இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. அதை உறுதியான சிகிச்சை என்று சொல்லி எவரேனும் பெருந்தொகை கேட்டால், இரண்டாம் மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

வயிற்று வழியைப் பற்றிப் பேசத் தயங்கினேன்

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், சாலை விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கிய தையற்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். தசையும் நரம்பும் ஒருங்கே சிதைந்திருந்தன. பயிற்சிக்கு அனுப்பினேன். பலனில்லை என்று வந்தார், தொடருங்கள் என்றேன். மூன்றாம் முறையும் அதையே சொன்னேன். பிறகு அவர் வரவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு நோய்க்காக வந்தபோது அவர் வயிற்றில் கொலஸ்டமி இருந்தது. பெருங்குடலை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொண்டுவந்து பை பொருத்தும் அறுவைச் சிகிச்சை அது. வேறொரு மருத்துவமனையில் செய்துகொண்டிருக்கிறார். கடையை மறுபடி திறந்துவிட்டதாகச் சொன்னார். புறப்படும்போது, "இப்படி ஒரு வழி இருப்பதை அப்போதே நீங்கள் சொல்லியிருக்கலாமே சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை? வயிற்றில் பை வைப்பது மருத்துவத்தின் தோல்வி என்று நான் எண்ணியிருந்தேன். என் தோல்வி உணர்ச்சிக்காக அவர் இரண்டு ஆண்டுகள் கடையை மூடிவைத்திருந்தார்.

இக்காரணத்துக்காகக் கொலஸ்டமி செய்துகொண்டவர்களிடம் கருத்துக் கேட்ட ஆங்கிலேய ஆய்வு ஒன்றில், மறுபடி முடிவெடுக்க நேர்ந்தாலும் இதையே தேர்ந்தெடுப்போம் என்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சொன்னார்கள். எல்லாருக்கும் இது பொருந்தாது. பையின் மாதச் செலவு, தோல் புண், பக்கத்தில் குடலிறக்கம், உடலைப் பற்றிய மனவருத்தம் ஆகிய யாவும் உண்மையானவை. ஆனால் கழிப்பறை எங்கே என்று தேடித் தேடியே நாள் முழுதும் கழிகிற ஒருவருக்கு, எப்போது வரும் என்று தெரியாத மலத்தைவிட இருக்குமிடம் தெரிந்த பை பெரும் விடுதலை. இதைக் கடைசி நாளில் கையைப் பிசைந்துகொண்டு சொல்லாமல், மற்ற வழிகளைச் சொல்லும்போதே ஒரு வழியாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முடிவெடுக்கும் முன், ஏற்கெனவே பையுடன் வாழும் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்து தருமாறு கேளுங்கள். நான் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட அவரோடு பேசும் பத்து நிமிடம் உங்களுக்குத் தெளிவு தரும்.

வீட்டாருக்குச் சில சொற்கள்

முதியவருக்கு அடிக்கடி நீராக மலம் கசிந்தால் அது பேதி என்றே முடிவு செய்துவிடாதீர்கள். படுக்கையில் இருப்போருக்கு மலம் கல்லாக இறுகி மலக்குடலை அடைத்திருக்க, அதன் ஓரமாக நீர்மலம் வழிவது மிகச் சாதாரணம். அப்போது பேதி மாத்திரை கொடுத்தால் அடைப்பு மேலும் இறுகும். ஒரு விரல் பரிசோதனையில் தெரிந்துவிடும் செய்தி இது. அடைப்பை நீக்கினால் கசிவும் நின்றுவிடும்.

டயப்பர் ஒரு துணைக்கருவி, சிகிச்சை ஆகாது. அதைக் கட்டிவிட்டதால் மருத்துவரிடம் காட்டத் தேவையில்லை என்று இருந்துவிடாதீர்கள். நனைந்தவுடன் மாற்றி, சோப்பால் தேய்க்காமல் நீரால் கழுவி, ஒற்றி உலர்த்தி, துத்தநாகக் களிம்பு பூசினால் புண் வராது. கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கும், சுவரில் பிடிமானமும், எளிதில் அவிழ்க்கக்கூடிய உடையும் இருந்தால், சிலருக்கு அதுவே பாதி மருத்துவம். மேற்கத்தியக் கழிப்பறையில் காலடியில் ஒரு குட்டை முக்காலி வைத்தால் மலம் முழுதாக வெளியேற எளிதாகும்.

நேர்ந்துவிட்டபோது நீங்கள் சொல்லும் முதல் சொல் பல மாதங்கள் நினைவில் நிற்கும். "மறுபடியுமா?" என்ற ஒரு சொல்லுக்காகவே உண்பதைக் குறைத்துக்கொண்ட முதியவர்களை நான் அறிவேன். அதே வேளையில், துடைத்துத் துவைத்து ஓய்ந்துபோகும் மகளும் மருமகளும் மனைவியும் மனிதர்களே. உங்கள் களைப்பையும் எங்களிடம் சொல்லுங்கள். பராமரிப்பவர் விழுந்துவிட்டால் சிகிச்சையும் விழுந்துவிடும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, அண்மையில் மாறிய மலப்பழக்கம் இருந்தால் விரைவில் வாருங்கள். திடீரென்று மலம் அடங்காமல் போவதோடு கால்கள் தளர்ந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்தாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். முதுகுத்தண்டின் நரம்புகள் நசுங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம்.

அடுத்த முறை வரும்போது

பயிற்சி செய்தும் பலன் காணாதவர்கள் இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்:

நான் பயிற்சியைச் சரியாகச் செய்கிறேனா என்று பரிசோதித்துப் பார்த்தீர்களா?

என் தொல்லைக்குக் காரணம் தசையா, நரம்பா, மலத்தின் பதமா?

நான் எடுக்கும் மருந்துகளில் ஏதேனும் இதைக் கூட்டுகிறதா?

அடுத்த படி என்ன? அதன் பலனும் குறையும் செலவும் என்ன?

இதைப் பற்றி மறுபடி எப்போது பேசப்போகிறோம்?

இந்த ஐந்துக்கும் விடை சொல்ல வேண்டியது எங்கள் கடமை. விடை தெரியவில்லை என்றால் தெரிந்தவரிடம் அனுப்புவதும் எங்கள் கடமையே. "தொடருங்கள்" என்ற ஒற்றைச் சொல் விடையாகாது. எல்லாருக்கும் முழுமையான நலம் கிட்டும் என்று நான் உறுதி கூறவில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு இன்றிருப்பதைவிட நல்ல நிலை ஒன்று உண்டு. அதைத் தேடிப் பார்க்காமலே நின்றுவிட வேண்டாம்.

வாய்விட்டுச் சொல்லத் தயக்கமாக இருந்தால், இந்த இதழின் இப்பக்கத்தை மடித்து எடுத்து வந்து மருத்துவரின் மேசைமேல் வையுங்கள். மீதியை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.